ரசீது இருக்கிறதா?

அபர்டீன் பஜார் அந்தமானில் இருக்கிறது. ஸ்ரீ விஜயபுரம் நகரின் பெரிய கடைத்தெரு அது. 2024 வரை இந்த நகரத்துக்குப் போர்ட் பிளேர் என்று பெயர். பஜாரில் மணிக்கூண்டு நிற்கிறது. சுற்றிலும் கடைகள். தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு என்று பல மொழிகள் காதில் விழும்.

பஜாருக்குப் பக்கத்தில் ஒரு அம்மா தையல் வேலை செய்கிறார். எல்லோரும் அவரைத் தையல் அக்கா என்பார்கள். சிறு வயதில் அவர் பள்ளிக்குப் போகவில்லை. நாற்பது வயதில்தான் படிக்கக் கற்றார். கற்றதை மறக்கக் கூடாது என்று தினமும் ஒரு பக்கம் எழுதுவார்.

அக்காவின் மகள் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள். மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவாள். அந்த வருமானத்தில்தான் வீட்டு வாடகை.

2025 மார்ச் மாதம் கம்ப்யூட்டருக்குக் கூடுதலாக ஒரு மெமரி வாங்கினார்கள். விலை 1,900 ரூபாய். ஆகஸ்ட் மாதம் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றது. பாதி நிரப்பிய விண்ணப்பம் அழிந்து போனது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

மெமரி என்றால் என்ன?

"மெமரின்னா என்னம்மா?" என்று அக்கா கேட்டார்.

மகள் சொன்னாள்: "உன் அலமாரியில துணி இருக்கு. தைக்கும்போது எடுத்து மேஜையில விரிக்கிறே. கம்ப்யூட்டருக்கும் அலமாரி உண்டு, மேஜை உண்டு. மெமரிதான் மேஜை. மேஜை ஆடினா துணியை நேரா வெட்ட முடியுமா?"

மெமரி ஒரு சிறிய தகடு. அதன் ஓரத்தில் தங்க நிறக் கோடுகள் இருக்கும். கோடுகளில் அழுக்குப் படிந்தாலும் கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

மகள் மின்சாரத்தை நிறுத்தினாள். பிளக்கைப் பிடுங்கினாள். தகட்டை ஓரத்தில் பிடித்துக் கழற்றினாள். தங்க நிறக் கோடுகளை அழி ரப்பரால் மெதுவாகத் துடைத்தாள். பழைய மெமரியை மட்டும் போட்டாள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. அதே இடத்தில் புதிய மெமரியை மட்டும் போட்டாள். 'பீப் பீப்' என்று சத்தம்தான் வந்தது. பழுது எதில் என்று தெரிந்துவிட்டது.

கடையில்

இருவரும் வாங்கிய கடைக்குப் போனார்கள்.

"ரசீது இருக்கா அக்கா?" என்று கடைத் தம்பி கேட்டார்.

அக்கா ரசீதை நீட்டினார். தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எழுத்தே இல்லையே!"

உண்மைதான். அது மெஷினில் வரும் வழுவழுப்பான தாள். அந்தத் தாளில் சூட்டால் எழுத்து விழும். வெயிலும் வெப்பமும் பட்டால் எழுத்து மங்கிவிடும். ஐந்து மாதத்தில் தாள் வெள்ளையாகிவிட்டது.

"ரசீது இல்லாம ஒண்ணும் செய்ய முடியாது. புதுசு வாங்கிக்கோங்க" என்றார் தம்பி.

மகளின் முகம் வாடியது. அக்கா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மார்ச் மாதப் பக்கத்தைத் திருப்பினார். பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"ரசீது எண் 417. தேதி 12.3.2025. ரூபாய் 1,900. உத்தரவாதம் 3 வருஷம்."

"இது என்ன அக்கா?"

"அன்னைக்கு எழுதிப் பழக ஒண்ணும் கிடைக்கல தம்பி. ரசீதைப் பார்த்து எழுதினேன். உங்க கணக்குல 417 இருக்கான்னு பாருங்க."

தம்பி கடைக் கணக்கில் தேடினார். 417 இருந்தது. தேதியும் சரி, தொகையும் சரி. மெமரியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணும் சரியாக இருந்தது. தம்பி சிரித்துவிட்டார்.

"சரி அக்கா. கம்பெனிக்கு அனுப்பி மாத்தித் தர்றோம். சென்னைக்குப் போய் வரணும். ஒரு மாசம் ஆகும்."

சென்னை கடல் வழியில் 1,300 கிலோமீட்டருக்கு மேல். தீவில் இருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பழக்கம்தான்.

"காத்திருக்கிறோம் தம்பி. பொருளை வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க. வரிசை எண்ணையும் அதுல எழுதுங்க."

தம்பி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பழைய ரசீதுக்கும் நகல் கொடுத்தார். அக்கா அன்றே இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்தார்.

26-ஆம் நாள் புதிய மெமரி வந்தது. அதன் வரிசை எண் வேறு. "இந்த எண்ணையும் ரசீதுல எழுதிடுங்க தம்பி" என்றார் அக்கா.

தெரிந்துகொள்வோம்

1. எந்தப் பொருள் வாங்கினாலும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுப்பது சட்டப்படி தவறு.

2. ரசீதில் தேதி, தொகை, வரிசை எண், உத்தரவாதக் காலம் இருக்கிறதா என்று கடையிலேயே படித்துப் பாருங்கள்.

3. வழுவழுப்பான தாள் என்றால் உடனே ஜெராக்ஸ் எடுங்கள்.

4. மெமரிக்கு உத்தரவாதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 3 ஆண்டும் உண்டு, 10 ஆண்டும் உண்டு. மெமரி உடைந்தாலும், ஒட்டிய சீட்டு கிழிந்தாலும் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள். சீட்டைப் பிய்க்காதீர்கள்.

5. மாற்றித் தந்த பொருளுக்குப் பெரும்பாலும் மீதிக் காலத்துக்குத்தான் உத்தரவாதம்.

கடைக்காரர் மறுத்தால்?

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. 2019-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அது 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

முதலில் கடைக்குக் கடிதம் கொடுங்கள். பதில் இல்லையா? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

அதிலும் தீரவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

கடிதம் எழுதுவோம்

ஐயா,

நான் ............ தேதியில் உங்கள் கடையில் ............ வாங்கினேன். ரசீது எண் ............. விலை ............ ரூபாய். பொருளின் வரிசை எண் ............. உத்தரவாதம் ............ ஆண்டு. இப்போது பொருள் பழுதாகிவிட்டது. மாற்றித் தரவும். அல்லது பணத்தைத் திருப்பித் தரவும். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
............

கடிதத்துக்கும் ஒரு நகல் எடுங்கள். அதில் கடைக்காரரிடம் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. பழுது புதிய மெமரியில்தான் என்று மகள் எப்படிக் கண்டுபிடித்தாள்?

2. அக்காவின் ரசீது ஏன் வெள்ளையானது?

3. பொருளைக் கொடுத்தபோது அக்கா என்ன கேட்டு வாங்கினார்?

4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு ரசீதை எடுங்கள். அதில் உள்ள தேதி, எண், தொகை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.