தோணியில் ஒரு மாற்றி

அறுகம்பேயிலிருந்து கடலுக்குப் போகும் வாப்பாவின் தோணியில் 12 வோல்ட் பற்றரி இருக்கிறது. அதிலிருந்து போனுக்கு 5 வோல்ட் கொடுக்கும் சிறிய மாற்றியைப் பூட்டினோம். அதன் வெளிச்சம் பற்றும், அணையும், மீண்டும் பற்றும். அன்றிரவு நடுக்கடலில் போன் செத்துவிட, உம்மா விடியும்வரை தூங்கவில்லை.

பற்றரிதான் பழுது என்றேன் நான். புதிதாக வாங்கியும் அதே கதை. ஆனால் அதே வயரில் 12 வாட் பல்பு மங்கலாகவாவது எரிந்தது. பல்புக்கு இருக்கும் பொறுமை மாற்றிக்கு ஏன் இல்லை?

பல்பு ஒரு தடை. வோல்ட்டளவு குறைந்தால் அதன் மின்னோட்டமும் குறையும். மாற்றிக்குள் இருக்கும் ஆளியோ வேகமாகத் திறந்து மூடி, வெளியீட்டை 5 வோல்ட்டிலேயே வைத்திருக்கும். ஆகவே அது உள்ளே வாங்கும் வலு மாறாது. 12 வாட் என்றால் 12 வோல்ட்டில் 1 அம்பியர், 8 வோல்ட்டில் 1.5 அம்பியர். வோல்ட்டளவு விழ விழ இன்னும் இழுக்கும். சிறு மாற்றங்களுக்கு இதை மறைத் தடையாகக் கணக்கிடுவார்கள். 12 வோல்ட்டில் மறை 12 ஓம். உள்ளீட்டு வடிகட்டியோடு இது சேர்ந்தால் அலைவு உண்டாகலாம் என்று 1976இல் மிடில்புரூக் காட்டினார். எங்கள் வில்லங்கம் அதைவிட எளிது.

உப்புக்காற்றில் பச்சை பிடித்த மூட்டுகளின் தடை ஏறத்தாழ 4 ஓம். அதன் வழியே கிடைக்கக்கூடிய உச்ச வலு (12×12)÷(4×4), அதாவது 9 வாட்தான். 12 கேட்கும் மாற்றி வோல்ட்டளவை விழுத்தி அணையும், அணைந்ததும் வோல்ட்டளவு மீளும், மறுபடி தொடங்கும். சுமையில்லாமல் அளந்தால் மீற்றர் 12 என்றே காட்டும். அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

மூட்டுகளைச் சுரண்டி ஈயம் வைத்தோம். புதுப் பற்றரிக்குக் கொடுத்த காசைப் பற்றி வாப்பா இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.