சீரியமும் வார்ப்பிரும்பும்
கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. அவற்றிலிருந்து நீர் இறைக்கும் பம்புகளைச் செய்யும் தொழில் கோயம்புத்தூரில் வளர்ந்தபொழுது, மக்கள் பவுண்டரி என்று வழங்கும் வார்ப்படச் சாலைகளும் அங்குப் பெருகின. அவற்றில் உருக்கி வார்க்கப்படும் இரும்புக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாரத்தைத் தாங்கும் அவ்விரும்பு, சம்மட்டியால் ஓங்கி அடித்தால் மண்சட்டிபோல் உடைந்துவிடும். அக்குறையைப் போக்கத் துணைபுரியும் உலோகங்களுள் ஒன்று சீரியம்.

சீரியம் 1803-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இதனை அருமண் உலோகம் என்பர். பெயர்தான் அருமண், புவியோட்டில் இது ஏறத்தாழச் செம்பின் அளவிற்கு உள்ளது. தன் இனத்து உலோகங்களோடு பிணைந்தே கிடப்பதால் பிரித்தெடுப்பதுதான் அரிது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் மோனசைட்டு மணலிலும் இது கலந்துள்ளது.

சீரியத்தைக் கத்தியால் வெட்டலாம். வெட்டிய முகம் வெள்ளிபோல் ஒளிரும். ஆயினும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி விரைவில் மங்கிவிடும். ஆதலின் அதனை எண்ணெயில் இட்டு வைப்பர். குளிர்ந்த நீரில் மெல்லவும், வெந்நீரில் விரைந்தும் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். நீர்த்த அமிலங்களில் எளிதிற் கரையும். அதைச் சுரண்டினாலோ, பறக்கும் துகள்கள் தாமே தீப்பற்றும். இப்பண்பைக் கண்ட ஆவர் வான் வெல்சுபாக்கு என்னும் ஆசுதிரிய அறிஞர், சீரியத்தோடு இரும்பைக் கலந்த உலோகக் கலவை ஒன்றை 1903-இல் உருவாக்கினார். இன்று தீமூட்டிகளில் நாம் 'கல்' என்று கூறுவது கல்லன்று; அக்கலவையே.

இனி, உலைக்களத்திற்கு வருவோம். வார்ப்பிரும்பிலுள்ள கரி, இரும்பு இறுகும்பொழுது மெல்லிய செதில்களாகப் படிகிறது. ஒவ்வொரு செதிலும் உள்ளே மறைந்திருக்கும் ஒரு விரிசல் போன்றது. கல்கரியிலிருந்து வந்து சேரும் கந்தகமும் ஆக்சிஜனும் கரி உருண்டு திரள்வதைத் தடுக்கின்றன. சீரியமோ இவ்விரண்டன்மீதும் தீராப் பசி கொண்டது. உருகிய இரும்பில் இட்டவுடன் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. தடை நீங்கவே, கரி சிறுசிறு உருண்டைகளாகத் திரள்கிறது. அத்தகைய இரும்பு அடித்தாலும் எளிதில் உடையாது. சற்றே வளைந்து கொடுக்கும். சீரியத்தால் இவ்வாறு செய்யலாம் என்பதை இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் 1948-இல் அறிவித்தனர்.

இன்று இவ்வேலையில் பெரும்பங்கு மக்னீசியத்திற்கே உரியது. அதுவே விலை மலிவு. எனினும், பழைய இரும்போடு கலந்து வரும் ஈயம் போன்றவற்றின் கேட்டை அடக்க, அம்மக்னீசியக் கலவையில் சீரியத்தையும் சிறிது சேர்க்கின்றனர்.

கலவையின்மீது உருகிய இரும்பு விழுந்ததும் கண்ணைக் கூசும் வெள்ளொளி எழும். அவ்வொளி அடங்கியபின் தொழிலாளர் சற்றும் தாழ்க்கார். காற்றும் கசடும் அவ்வுலோகங்களை மெல்ல மெல்லத் தின்றுவிடும். சில நிமிடங்கள் கடந்தால் கரி மீண்டும் செதிலாகவே படியும். ஆகவே, அகப்பையிலுள்ள இரும்பை அதற்குள் அச்சுகளில் ஊற்றி முடிக்கின்றனர்.