வைத்தியத்துக்கு விலை குறிப்பது நியாயமா?

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பார்மசி, இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் சகோதரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் தொழிலுக்கு மட்டும் அரசாங்கம் உச்ச விலை குறிப்பது நியாயமா?" இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

முதலில் மார்க்கம். மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் உள்ளது. ஆயினும், மக்களுக்கு அத்தியாவசியமான பொருளை வைத்திருப்பவர் நியாய விலைக்கு விற்க மறுத்தால் அதிகாரி தலையிடலாம் என்று இமாம் இப்னு தைமிய்யா விளக்கியுள்ளார். நோயாளியின் நிலை இதுவே. இரவில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கி வருபவர் பேரம் பேசமாட்டார்; கண்டிக்குப் போய் விலை விசாரிக்கவும் மாட்டார்.

மலையகத்தில் அரசின் தலையீடு புதிதல்ல. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. தோட்ட உரிமையாளரிடம் பணம் அறவிட்டுத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்வது அதன் நோக்கம். 1912இன் 9ஆம் இலக்கச் சட்டமும் அதே வழியில் வந்ததுதான். வைத்திய வசதிக்கான வரவை நோயாளிகளின் எண்ணிக்கையில் மட்டும் விடாமல், தோட்டத் துறையிடமும் அறவிட்டார்கள்.

தனியார் துறையில் அரசு பிடிப்பது வரவை அல்ல, விலையை. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வர்த்தமானியில் வந்தது. 2021 ஓகஸ்டில் பிசிஆர் பரிசோதனைக்கு 6,500 ரூபா, அன்டிஜன் பரிசோதனைக்கு 2,000 ரூபா என வரையறுத்தார்கள்.

இங்கே ஒரு கணக்கு. உங்கள் நிலையத்தின் மாதச் செலவு 300,000 ரூபா, ஒரு பரிசோதனையின் உச்ச விலை 400 ரூபா என வைத்துக்கொள்வோம். செலவை ஈடுகட்ட 750 பரிசோதனை வேண்டும். கொழும்பில் அது ஒரு வாரத்தில் வரலாம். மலையகத்துச் சிறு நகரில் 500தான் வந்தால் 100,000 ரூபா நட்டம். பிறகு கடையை மூடவேண்டும், அல்லது தேவையற்ற பரிசோதனைக்கு ஆளைத் தள்ளவேண்டும். இரண்டாவது ஹராமான சம்பாத்தியத்தின் வாசல்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் இதற்கு வேறு வழி கண்டது. 2010இல் 10 கிராமப்புற வைத்தியசாலைகளுக்கு ஆண்டு வரவை முன்கூட்டியே நிர்ணயித்தது. நோயாளிகள் குறைந்தால் கட்டணத்தைச் சற்று உயர்த்தலாம், கூடினால் குறைக்கவேண்டும், மொத்தம் மாறாது. 2014 முதல் மாநிலத்தின் ஏனைய வைத்தியசாலைகளுக்கும் இம்முறை விரிந்தது.

ஆகவே உச்ச விலை நியாயமானதே; ஆனால் சிறு நகரில் அது மட்டும் போதாது, நிலையான வரவும் வேண்டும் என்பது என் கருத்து. நம்மால் செய்யக்கூடியவை மூன்று:

1. தோட்ட நிர்வாகங்கள், பாடசாலைகள், கடைக்காரர்களுடன் ஆண்டு உடன்படிக்கை செய்யுங்கள். எத்தனை பரிசோதனை, என்ன விலை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தெளிவின்மை (கரர்) கூடாது.

2. விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி தொங்கவிட்டு, ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

3. பரிசோதனை நிலையம் நடத்துவோர் 2006இன் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவைப் புதுப்பித்து வையுங்கள்.

நோயாளியின் துஆ கிடைக்கும் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.