பத்தும் பத்தும் இருபது இல்லை!

தள்ளுபடிக் கணக்கில் எனக்கு 2 மார்க் போச்சு. அதே தப்பை ‘டயாப்லோ 3’ (2012) விளையாட்டிலும் செய்தேன்.

அதில் மந்திரவாதியின் ‘ஆர்க்கான்’ சக்தியை மறுபடி எடுக்க 120 விநாடி ஆகும். இதுதான் கூல்டவுன். ஆயுதத்தில் 10%, பாராகன் புள்ளியில் 10% குறைத்தேன். மொத்தம் 20%, அதாவது 96 விநாடி என்று எண்ணி அசுரனிடம் போனேன். சக்தி வரலை. செத்தேன்!

சரியான வழி:
120 × 0.9 = 108
108 × 0.9 = 97.2

நம்ம குடியாத்தம் லுங்கி மாதிரிதான். 100 ரூபாயில் 10% போனால் 90. அடுத்த 10% அந்த 90-க்குத்தான். விலை 81.

முதல் குறைப்பில் 12 விநாடி மிச்சம், இரண்டாவதில் 10.8, மூன்றாவதில் 9.72. ஆகவே கூட்டாதீங்க, பெருக்குங்க! மூன்றாவதுக்குப் பதில் வேறு பலம் வேணுமான்னு யோசிங்க.