கியர் ஆயிலையும் கொஞ்சம் கவனியுங்கள்

இன்ஜின் ஆயிலை மறக்காமல் மாற்றுகிற பலர், கியர் பாக்ஸிலும் ஆயில் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். இது இன்ஜின் ஆயில் போல எரிந்து குறைவதில்லை. அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கார் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் கார்களில் டிப்ஸ்டிக் இருந்தால், சமதளத்தில் நிறுத்தி, பஞ்சு உதிராத துணியால் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜின் சூடாக ஓடும்போது பார்க்க வேண்டும்; ஹோண்டா போன்ற சிலவற்றில் அணைத்த உடனே. கையேடு சொல்வதே சரி. புதிய ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இப்போதைய பல கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. அவற்றை ஒர்க்‌ஷாப்பில்தான் பார்க்க முடியும்.

மேனுவல் கியர் கார்களில் நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒன்று முக்கியம்: முதலில் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகே வடிக்கும் பிளக். பழையதை வடித்த பின் மேல் பிளக் துருப்பிடித்து அசையாவிட்டால், காலி கியர் பாக்ஸோடு வண்டி முடங்கிவிடும். பிளக் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். காரை வெறும் ஜாக்கியில் தூக்கி அடியில் படுக்கவே படுக்காதீர்கள்.

சிவிடி (CVT) வகை ஆட்டோமேட்டிக் கார்களுக்குத் தனி ஆயில். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.