காணி கைமாறுமுன் மண்ணைப் பாருங்கள்

மாடு வாங்கும்போதே பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம். மட்டக்களப்பு வாவியோரம் காணி வாங்கும் கம்பனி உறுதியை மட்டும் பார்த்தால் போதுமா?

கொடைக்கானலில் பாண்ட்ஸ் கம்பனி தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவருக்குக் கைமாறியது. 2001 இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் அகப்பட்டது, தொழிற்சாலை மூடப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பு கம்பனி தலையில் விழுந்தது. 2016 இல் 591 முன்னாள் தொழிலாளருக்குக் கருணைத்தொகை கொடுக்கவும் அது உடன்பட்டது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை: முன்பு அங்கே என்ன நடந்தது? கழிவு எங்கே போனது? கிணற்றுத் தண்ணீர் சோதிக்கப்பட்டதா?

நம்ம தோட்டம் கைமாறினாலும் இதே கேள்விதான். மருந்து டப்பாவை எங்கே புதைச்சாங்க என்பது பழைய ஆட்களுக்குத்தான் தெரியும். கையெழுத்துக்கு முன்னே சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது நம்ம பிள்ளைகள்தானே!