உழைத்த உடம்புக்குக் குளிர் ஒத்தடம்

அன்பார்ந்த தம்பதியரே!

நடவு, அறுப்பு வந்துவிட்டால் இருவரும் முதுகொடிய உழைக்கிறீர்கள். மறுநாள் தொடையும் இடுப்பும் அசைக்க முடியாமல் வலிக்கிறது. ஏன்? பழக்கம் விட்டுப்போன கடும் வேலையால் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதம் உண்டாகிறது. வலி 2, 3 நாள் கூடி, ஒரு வாரத்திற்குள் தானே அடங்கும்.

இதற்காகக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீங்க! வேர்த்து நீர் வற்றிய உடம்பில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் வேண்டிய மட்டும் தண்ணீர் குடியுங்கள்.

2. மண்பானைத் தண்ணீரில் துணியை நனைத்து, வலிக்கும் இடத்தில் 10 முதல் 15 நிமிடம் போடுங்கள். சூடேறினால் மறுபடி நனையுங்கள்.

3. ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றியே வையுங்கள். வெறும் தோலில் வைத்தால் புண்ணாகும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு ஐஸ் கூடாது.

"குளிர்ச்சி பட்டால் வாதம் பிடிக்கும்" என்பது வீண் பயம். ஆனால் குளிர்ச்சி வலியை மட்டுந்தான் தணிக்கும். தசையைத் தேற்றுவது சாப்பாடும் தூக்கமும். நடவு முடிந்து வந்த மனைவி நேரே அடுப்படிக்குப் போனால் அவருக்கு ஓய்வு எப்போது? ஐயா, அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தை நீங்க தூக்குங்க!

சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, கால் வீங்கி ஊன்ற முடியாவிட்டாலோ தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வாருங்கள்.

உழைப்பு இருவருக்கும், ஓய்வும் இருவருக்கும்!